சுழி போட்ட தகடு

அன்புள்ள தம்பிக்கு,

காகிதத்தின் தலையில் நான் எப்போதும் போடும் 786 இதில் இல்லை என்பதுதான் முதலில் உன் கண்ணில் படும். பிஸ்மில்லாவை வாயால் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். அதை எண்ணாக எழுத மட்டும் இன்று கை வரவில்லை. ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் உனக்கே தெரியும். மாடியில் நீ, கீழே நான், நடுவில் பதினெட்டுப் படி, இதற்குப் போய்க் கடிதமா என்று உன் அம்மா கேட்டாள். நேரில் பேசினால் நான் வியாபாரி, தம்பி. பாதிப் பேச்சில் உன் முகத்தைப் பார்ப்பேன், எதைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் இவன் சமாதானமாவான் என்று மனசு தன் வேலையை ஆரம்பித்துவிடும். காகிதத்தில் அடித்துத் திருத்தினால் அடித்த இடம் தெரியும். அதனால்தான் இது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். "திங்கக்கிழமை காலாங்ல ஒரு பழைய நேவி கப்பல் பாக்கப் போறேன் அத்தா. ரிப்போர்ட்ல என் கையெழுத்து மட்டும் போற முதல் கப்பல்" என்றாய். உன் அம்மா மீன் துண்டை உன் தட்டில் வைத்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொஞ்சம் பாத்து எழுது லா" என்றேன். உன் கை தட்டிலேயே நின்றது. "அது உங்க கப்பலா?" என்றாய். "கூட்டாளி பேர்ல இருக்கு" என்றேன். நீ கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். மீன் அப்படியே கிடந்தது. இன்றைக்கு ஞாயிறு. இந்த இரண்டு நாளில் நீ என்னிடம் பேசியது "செருப்பை எங்கே வச்சீங்க" என்ற ஒன்றுதான்.

பார்த்து எழுது. நம் ஆட்கள் இதை எப்போது சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். சுங்கக்காரரிடம் சொல்கிறோம், எடை போடுகிறவரிடம் சொல்கிறோம், பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாரிடம்கூடச் சொல்கிறோம். சொல்வது பார்க்கச் சொல்லி, கேட்பது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி. அந்தப் பொருளில்தான் நானும் சொன்னேன். இல்லை என்று மழுப்பமாட்டேன். என் பாதிப் பங்கு அந்தக் கப்பலில் இருக்கிறது. வெள்ளைக்காரன் வடக்கே தளத்தைக் காலி செய்யப்போகிறான் என்று சேதி வந்ததிலிருந்து பழைய கப்பல்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. இந்த மாதிரிச் சமயம் ஒரு வியாபாரியின் ஆயுளில் ஒரு தடவைதான் வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். எனக்கு இது இரண்டாவது தடவை.

தேக்கா மார்க்கெட்டில் தேங்காய் விற்கும் சின்னையாவை உனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மா உன்னைத் தேங்காய்க்கு அனுப்பினால் சிணுங்கிக்கொண்டே வருவாய். "எல்லாக் கடையிலயும் தட்டிப் பாத்துத் தர்றாங்க. அவரு மட்டும் நீயே தட்டி எடுத்துக்கோங்கிறாரு. எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு நாள் அழுகல் தேங்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாய். "அவருக்கு என்னமோ வேண்டுதல்" என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். தேங்காய் விற்கிறவர் தேங்காயைத் தட்டமாட்டேன் என்றால் அந்த ஊரில் யார் சிரிக்கமாட்டார்கள்? தேக்காவே அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அதற்குக் காரணம் நான்.

நீ இன்று படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற வேலையை அவர் காதால் செய்தார். நான் அப்போது கடைக்காரன் இல்லை. காலாங் ஆற்றின் வாயில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் துருச் சுரண்டும் ஆட்களை மேய்க்கிற மண்டோர். கடன் வாங்கிய சுத்தியல்கள், பன்னிரண்டு ஆட்கள், அவ்வளவுதான் என் தொழில். அந்தப் பட்டறை இன்று இல்லை, அதனால் பெயர் வேண்டாம். சண்டை முடிந்தபின் கடற்படை கழித்துப் போட்ட கப்பல்களைச் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள் வாங்கி, பீரங்கி இருந்த இடத்தில் சரக்கறை கட்டி, தீவுகளிலிருந்து கொப்பரை ஏற்ற அனுப்புவார்கள். அதற்கு முன்னால் கப்பலைத் தண்ணீரிலிருந்து இழுத்துச் சரிவு மேடையில் நிறுத்துவோம். சிலிப்பு என்போம் அதை. அங்கே வைத்து அடி உடம்பு முழுக்கச் சோதிக்க வேண்டும். போர்க் கப்பலின் தகடு வேகத்துக்காக மெலிதாக அடித்தது என்பது உனக்குத் தெரியும். வருடா வருடம் சாம்பல் பூச்சின் மேல் சாம்பல் பூச்சாக அப்பியிருப்பார்கள். உள்ளே இரும்பு போய், பூச்சே தகடாக நிற்கிற கப்பல்களை நான் பார்த்திருக்கிறேன். கண் அதில் ஏமாறும். காது ஏமாறாது.

சின்னையா அண்ணன் முனையிலிருந்து தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு பாடும். கெட்ட இரும்பு வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய இடத்தில் அவர் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பின்னாலேயே நான் துளை போட வைத்து, கனத்தை அளந்து, தகட்டின் மேலேயே எண்ணை எழுதுவேன். அரைக்கால் அங்குலக் கணக்கு. மூன்று என்றால் புதுசு மாதிரி. இரண்டு என்றால் தேறும். அதற்குக் கீழே போனால் தகட்டை வெட்டி மாற்ற வேண்டும். பாடுகிற தகட்டிலும் ஒரு துளை போட்டு எண் எழுதிவிடுவோம். கடைசியில் சர்வேயரிடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வந்து நான் எழுதிய எண்களைத் தன் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்வார். சர்வேயர் அதில் கையெழுத்துப் போடுவார். சங்கிலியில் சுத்தியல் இருக்கும் முனை எது, கையெழுத்து இருக்கும் முனை எது என்று பார்த்துக்கொள். நடுவில் நான் இருந்தேன்.

சின்னையா அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு எழுத்துத்தான் தெரியும். வேலை தொடங்கும்முன் கப்பலின் மூக்கில் உள்ள முதல் தகட்டில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி போடுவார். உ. வளைத்து இழுத்து, வாலை நீட்டி விடுவார். சுழி போட்ட தகட்டைத் தட்டமாட்டார். சாமியின் மேல் சுத்தியல் படக்கூடாது. மற்ற தகடுகளை எல்லாம் தட்டி முடித்து, கடைசியாகத் திரும்பி வந்து, ஈரத் துணியால் சுழியைத் துடைத்து, துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் அந்தத் தகட்டைத் தட்டுவார். நான் அதைக் கேலி செய்வேன். "என்னண்ணே, கப்பல் முழுக்க ஒங்க சாமிக்கு ஒரே ஒரு தகடுதானா?" என்பேன். "நீங்க மூணு நம்பரு போட்டு அல்லாவக் கூப்பிடுறீங்க பாய். எங்காளுக்கு ஒரு எழுத்து போதும், ஓடியாந்துருவாரு" என்பார். "ஒங்களுக்குத் தெரிஞ்சதே ஒரு எழுத்துதான?" என்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொள்வார். இன்றைக்கும் அவரை நினைத்தால் அந்தத் தோள்தான் முதலில் வருகிறது.

அன்று சிலிப்பில் நின்றது கடலில் கண்ணிவெடி வாருவதற்காகச் சண்டைக் காலத்தில் அவசரமாகக் கட்டிய ஒரு கப்பல். பெயர்கூடக் கிடையாது, மூக்கில் ஓர் எண்தான். மறுநாள் கடலில் பெரிய நீரேற்றம். அந்த ஏற்றத்தில் அது தண்ணீரில் இறங்காவிட்டால் அடுத்த கப்பல் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். தவுக்கே காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நாளைக்கு இறங்கினால் ஆற்றில் கட்டிக் கிடக்கிற மற்றக் கப்பல்கள் எல்லாம் உன் ஆட்களுக்குத்தான், பெயிண்டும் கயிறும்கூட நீயே சப்ளை செய் என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் மண்டோரிலிருந்து கடைக்காரனாக ஆகிவிட்டேன். கடைக்கு என்ன பெயர் வைப்பது என்றுகூட அப்போதே யோசித்துவிட்டேன். உன் பெயரைத்தான்.

மத்தியானம் வானம் கறுத்தது. பின்பக்கத்தில் சின்னையா அண்ணன் குறி போட்ட ஒரு தகட்டில் துளைக் கருவி சிக்கிக்கொண்டதால், அவரையும் அந்தப் பக்கம் போய் ஒரு கை கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். முதல் தகடு மட்டும்தான் பாக்கி. அதில் சுழி அப்படியே இருந்தது. அந்த நேரம் கிராணி லிம் குடையும் புத்தகமுமாக வந்துவிட்டார். நல்ல மனிதர், மூக்குக் கண்ணாடி, மழையென்றால் பயம். பின்னாலிருந்து ஒவ்வொரு தகடாகப் படித்து எழுதிக்கொண்டே மூக்குக்கு வந்தார். சுழியைப் பார்த்தார். "நம்பர் ஒன் பிளேட், டூ" என்று எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, "டூ, ரைட்?" என்றார்.

உ-வை ஒரு தாளில் எழுதிக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார், தம்பி. வாலை நீட்டிய இரண்டு அது. தமிழ் தெரியாத எந்த மனிதனும் அப்படித்தான் படிப்பான். நம்முடையது எண், அதைத் துஆவாக, வேண்டுதலாக வைத்திருக்கிறோம். அவருடையது துஆ, அதை ஒரு மனிதன் எண்ணாகப் படித்தான். அந்த ஆற்றங்கரையில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். "இல்லை, அது எங்க ஆளு சாமிக்குப் போட்டது, பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தட்ட வேண்டும், தட்டினால் துளை போட வேண்டும், மழை வந்துகொண்டிருந்தது. "ரைட் லா" என்றேன். இரண்டெழுத்தும் ஒரு லாவும்.

அதோடு முடிந்திருந்தால்கூட இதை ஒரு அவசரத் தப்பு என்று சொல்லி உன்னிடம் தப்பித்திருப்பேன். லிம் குடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்ற சர்வேயரின் காரைப் பார்த்து ஓடினார். மழை இறங்கிவிட்டது. நான் கப்பலின் மூக்குக்கு அடியில் ஒதுங்கி நின்றேன். என் கண் முன்னால் சுழி கரைந்து வெள்ளையாக ஒழுகியது. என்ன நினைத்தேனோ, கையை மடக்கி அந்தத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி இருந்தது. உள்ளே எதுவும் திருப்பிப் பேசவில்லை. வாசலைப் பார்த்தேன். கார் இன்னும் கிளம்பவில்லை, மழையில் இன்ஜின் முக்கிக்கொண்டிருந்தது. நான் ஓடினால் எட்டியிருப்பேன். அந்தக் கார் கிளம்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். கிளம்பியதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருடமாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

மழை விட்டபோது மூக்கில் சுழியே இல்லை, வேலை முடிந்தது என்று ஆட்களை அனுப்பிவிட்டேன். கப்பல் மறுநாள் இறங்கியது. கிளம்புவதற்கு முதல் நாள் அதன் சுக்கான் பிடிக்கிற அவாங் விளக்குத் திரி வாங்க என்னிடம் வந்தான். அப்போது கடை இன்னும் ஒரு தள்ளுவண்டியும் ஒரு படுதாவும்தான். திரியை முகர்ந்து பார்த்துவிட்டு, "கப்பால் பாகுஸ்கா, பாய்?" என்றான். கப்பல் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறான். "பாகுஸ், பாகுஸ்" என்றேன். போகும்போது, நீ பாட்டுக்குப் பாகுஸ் என்கிறாய், உன் பிள்ளையை ஏற்றி அனுப்புவாயா என்று மலாயில் கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டான். அப்போது நீ படுதாவுக்குக் கீழே உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

மூன்றாவது பயணத்தில் போனது. கொப்பரை ஏற்றித் திரும்பும் வழியில், பட்டப்பகலில், பெரிய புயல்கூட இல்லை. மூக்குப் பக்கம் திறந்துகொண்டது என்று பாய்மரக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்த இரண்டு பேர் சொன்னார்கள். ஐந்து பேர் வரவில்லை. அவாங் வரவில்லை.

விசாரணை ஓர் அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கிராணி லிம்மின் புத்தகத்தைப் புரட்டினார்கள். முதல் தகடு, இரண்டு. புத்தகம் சுத்தம், சர்வேயர் சுத்தம். எண்ணை எழுதிய மண்டோர் நான்தானா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். பிறகு தட்டிய ஆளைக் கூப்பிட்டார்கள். சின்னையா அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க அங்கே ஆள் இல்லை. நீயே கேட்டுச் சொல் என்றார்கள் என்னிடம். ஆண்டவன் சில நேரம் மனிதனைச் சோதிப்பதற்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறான்.

"முதல் தகட்டைத் தட்டினீங்களான்னு கேக்குறாங்கண்ணே."

அவர் என்னைத்தான் பார்த்தார், மேசைக்காரர்களைப் பார்க்கவில்லை. "தெரியலியே பாய். சாமி போட்ட தகட்டக் கடைசியிலதான் தட்டுவேன். அன்னிக்கு மழ... நீங்க பின்னாடி அனுப்புனீங்க. திரும்பி வந்தனா? தொடச்சேனா? எனக்கு நெனப்பே வரல பாய். நீங்கதான பக்கத்துல நின்னீங்க, சொல்லுங்க. நான் தட்டுனேனா?"

"தட்டினீங்கண்ணே. நான் பாத்தேன்" என்றேன்.

மேசையைப் பார்த்து, தட்டினேன் என்கிறார், சத்தம் நன்றாக இருந்தது என்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். இரும்பு திடீரென்று விடுவது உண்டு, கடலில் எதிலாவது மோதியிருக்கலாம் என்று முடித்தார்கள். ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. வெளியே வந்து நாங்கள் இரண்டு பேரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அவர் கோப்பியைத் தொடவில்லை. "அப்ப என் காது தப்பிருச்சு பாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் சுத்தியலை என் படுதாவுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்தக் கையால் எதையும் தட்டுவதில்லை என்று அவர் சத்தியம் செய்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். என்னைக் காப்பாற்றும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அது அவர் காதைப் பிடுங்கிக்கொண்டது.

ஆற்றில் கிடந்த மற்றக் கப்பல்கள் எல்லாம் எனக்கு வந்தன. கடை வந்தது, சூலியா தெருவில் இரண்டாவது கடை வந்தது, டன்லப் தெருவில் இந்த வீடு வந்தது. என்னை யாரும் சும்மா வளர்ந்தவன் என்று சொல்ல முடியாது, அதற்கப்புறம் ஒவ்வொரு கப்பலையும் நானே குனிந்து பார்த்தேன். புதுப் பூச்சு எங்கே தெரிகிறதோ அங்கே முதலில் சுரண்டினேன். உள்ளே சிமெண்டு ஊற்றியிருந்தால் யார் ஊற்றியது, எதை மறைக்க என்று கேட்டேன். கழிவறைக்கு அடியில், பேட்டரி அறைக்கு அடியில், தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படும் கோட்டில் படுத்துக்கொண்டு பார்த்தேன். நல்ல மண்டோர் என்று பெயர் வந்தது. ஐந்து உயிர் கொடுத்து வாங்கிய நல்ல பெயர். ஒவ்வொரு பெருநாளுக்கும் கேலாங் செராயில் அவாங்கின் வீட்டுக்கு அரிசி அனுப்புகிறேன். பெரிய தர்மவான் என்று பள்ளிவாசலில் பேசிக்கொள்கிறார்கள். உன் அம்மா மட்டும் ஒரு தடவை, "இத்தனை வீடு இருக்க அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் நீங்களே மூட்டையைத் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அந்தச் சத்தம் என்னை விடவில்லை. ஒரு நாள் நீ சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தண்ணீர்க் குவளையைத் தட்டிக்கொண்டிருந்தாய். கையில் ஓங்கி அடித்தேன், விரல் வீங்கிவிட்டது. எதற்கு அடித்தேன் என்று உனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. இப்போது தெரிந்துகொள். வாடகைக்காரர் கதவைத் தட்டினால் எனக்கு முதலில் கேட்பது அந்தத் தகடு. போன மாதம் ஃபேரர் பார்க் டாக்டர் என் முதுகில் விரலை வைத்து, அதன் மேல் இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். ஓர் இடத்தில் நின்று, மறுபடி தட்டினார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிய இடம். தண்ணீர் கட்டியிருக்கிறது, மருந்து தருகிறேன், பயப்பட வேண்டாம் என்றார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, டாக்டர், குறி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இவ்வளவும் இருந்தும் வெள்ளிக்கிழமை உன்னிடம் பார்த்து எழுது என்றேன். அதுதான் எனக்கே விளங்கவில்லை. பட்ட மனிதன் திருந்துவான் என்று நினைக்காதே. ஆதாயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வாய் பழைய வார்த்தையைத்தான் தேடும். நீ மாடிக்குப் போனபோது கேட்ட படியின் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது, நான் உன்னை அந்த மழையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று.

நேற்றுக் காலை தேக்காவுக்குப் போனேன். சின்னையா அண்ணன் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டிருந்தார். "என்ன பாய், மொதலாளியே வந்துருக்கீக, வீட்ல விசேசமா?" என்றார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சுழியை லிம் இரண்டு என்று படித்தது, நான் ரைட் என்றது, மழையில் நான் தட்டியது, அறையில் நான் சொன்னது. ஒரு பெண் வந்து தேங்காய் கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் போய்விட்டாள்.

"அப்ப நான் தட்டல" என்றார்.

"இல்லண்ணே."

"தட்டியிருந்தா கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்ணே. எனக்கே கேட்டுச்சு."

அவர் ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். அரிவாளின் பின்புறத்தால் ஒரு தட்டு. காதருகே வைத்துக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. நல்லதை இடது பக்கமும் கெட்டதை வலது பக்கமுமாக, நான் அங்கே நிற்பதையே மறந்தவர் மாதிரி, குவியல் முழுவதையும் தட்டித் தீர்த்தார். பக்கத்துக் கடைக்காரர், "என்னண்ணே, வேண்டுதல் முடிஞ்சிருச்சா?" என்று கத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. கெட்டது என்று ஒதுக்கியதில் நாலைந்தை என் எதிரிலேயே உடைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை, தம்பி. ஒன்றுகூட.

"அண்ணே" என்றேன்.

"பதிமூணு வருசம்" என்றார். "போங்க பாய். போயி யாவாரத்தப் பாருங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிக்கவில்லை. மன்னிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன் என்றால் அதுவும் ஒரு வியாபாரம்தான்.

இனி உன் காரியம். நாளைக் காலையில் முதல் வேலையாக உன் மேலதிகாரியிடம், அந்தக் கப்பலில் பாதி என் அத்தாவுடையது என்று சொல்லிவிடு. கூட்டாளியின் பெயருக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தது போதும். அவர் வேறு ஆளை அனுப்பினால் அனுப்பட்டும், உனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. உன்னையே அனுப்பினால் போ. இன்று காலை உனக்கு முன்னால் நான் அங்கே போய் வந்தேன். காவல்காரர் என்னை முதலாளி என்று வணங்கி உள்ளே விட்டார். சின்னையா அண்ணன் அன்று வைத்துவிட்டுப் போன சுத்தியலைக் கையில் கொண்டுபோயிருந்தேன். மூக்கில் முதல் தகட்டிலிருந்து ஆரம்பித்துச் சுற்றி வந்தேன், மூச்சு வாங்கியது, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். என்ன கேட்டது என்று இங்கே எழுதமாட்டேன். கூட்டாளியிடமும் சொல்லவில்லை. தகட்டில் ஒரு குறியும் போடவில்லை. நான் எழுதியதை இன்னொருத்தர் பார்த்து எழுதினது ஒரு தடவை போதும். நீ துளை போட்டு, உன் கையால் அளந்து, உன் கண்ணால் கண்டதை எழுது. கப்பல் உடைக்கத்தான் ஆகும் என்றால் உடைத்துவிடுவோம், எனக்கு இரும்பு விற்கவும் தெரியும்.

சுத்தியலைப் படிக்கட்டின் கீழே, உன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அதை நீயே தேக்காவில் கொண்டுபோய் அவரிடம் கொடு. நான் கொடுத்தால் வாங்கமாட்டார். நான் நாளை மத்தியானம் கேலாங் செராய்க்குப் போகிறேன், இந்தத் தடவை அரிசி இல்லாமல். அவாங்கின் மனைவி என்ன சொல்வாள் என்று தெரியாது. இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், அந்த மேசைக்காரர்களில் யாராவது இன்னும் இருந்தால் அவர்களிடமும்.

முடிக்க வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கெடுத்த வார்த்தையையே உனக்குத் திரும்பத் தருகிறேன்.

பார்த்து எழுது, தம்பி.

அத்தா